கண்டி ராசாவின் புதையல் எங்கே போனது?

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கண்டிப் பக்கம் தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறீர்கள். ஆங்கிலேயர் படை வந்தபோது ஓடிப்போன கண்டி ராசா தன் பொன்னையும் மணியையும் உங்கள் மலையில்தான் புதைத்தார் என்று லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பேச்சு. வெளியூரிலிருந்து வந்த ஒரு பூசாரி இடத்தைக் காட்டுகிறேன், பூசைச் செலவுக்கு 50,000 ரூபாய் வையுங்கள் என்கிறார். உங்கள் கூட்டாளிகள் மூன்று பேர் வீட்டு நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார்கள். புதையல் உண்மையா, ராசாவின் பொருள்கள் கடைசியில் எங்கேதான் போயின என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் ஓட்டை போட்ட ஒரு தகர வில்லை கிடக்கிறது, அதில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன, அது ராசா காலத்துக் காசா என்று. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

பூசாரிக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கூட்டாளிகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி, மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் எல்லாம் அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் தோண்டினால் குற்றம். மண்வெட்டியோடு பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்குத் தோண்டப் போன பையன்கள். இடம் காட்டியவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். நான் 34 ஆண்டுகள் மலையகப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்தவன். என் மாணவன் ஒருவனே இப்படிப் போய் மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு அலைந்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் ஊர்ப் பேச்சு முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அதற்குள் உண்மையின் விதை இருக்கிறது. எதிரி வரும்போதெல்லாம் கண்டி அரசர்கள் நகரத்தைக் காலி செய்துவிட்டு, விலை உயர்ந்தவற்றையும் புத்தரின் பல்லாகிய புனித தந்தத்தையும் எடுத்துக்கொண்டு மலைக்குள் போய்விடுவது வழக்கம். 1765இல் ஒல்லாந்தத் (டச்சு) தேசாதிபதி வான் எக் படையோடு வந்தபோது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அப்படித்தான் செய்தார். ஒளித்து வைப்பது அவர்களுடைய போர்முறையின் ஒரு பகுதி.

கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அதே வழியில்தான் போனார். அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்திலிருந்து பெண்ணெடுத்த உறவால் 1739இல் கண்டி அரியணைக்கு வந்த நாயக்கர் வழியில் நான்காமவர், 1798இல் பட்டத்துக்கு வந்தவர். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் கண்டி ஏரியை வெட்டுவித்தவரும் அவரே. 1815 பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலேயத் தேசாதிபதி பிரவுன்றிக்கின் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசர் தும்பறைக்குப் போய்விட்டார். அந்தத் தும்பறைதான் உங்கள் ஊர். மெதமஹநுவரவுக்கு அருகே ஆராச்சி என்னும் ஊர்த்தலைவர் ஒருவரின் வீட்டில் இரண்டு தேவியரோடு ஒளிந்திருந்தார். நான்கே நாளில், பெப்ரவரி 18ஆம் திகதி, பிடிபட்டார்.

பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அல்லர். ஏக்நெலிகொட என்ற பிரதானியின் கீழ் வந்த உள்நாட்டு ஆட்களே. அரசரைக் காட்டுக்கொடியால் கட்டினார்கள். தேவியரின் காதில் கிடந்த நகைகளை அறுத்தே எடுத்தார்கள். ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தியஸ் என்பவர் நேரில் பார்த்து இதை எழுதிவைத்திருக்கிறார். வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் எனக்குக் குரல் தழுதழுத்துவிடும். நல்ல அரசர் என்று அவரைச் சொல்ல முடியாது, கொடுமைகள் செய்தவர். ஆனாலும் இரத்தம் வழியும் காதோடு இரண்டு பெண்கள் அந்த முற்றத்தில் நின்றார்களே. ராசாவின் புதையல் என்று நீங்கள் கேட்கிறீர்களே, அதன் முதல் பங்கு போனது அந்த முற்றத்தில்தான். அதைக் கூட்டம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அந்த நகைகள் உருக்கப்பட்டு யார் யார் வீட்டுக் காதில் கழுத்தில் ஏறினவோ, அவற்றுக்குக் கணக்கே இல்லை.

மிச்சத்துக்கு நல்ல கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலப் படையில் ஒரு முறை உண்டு. போரில் கைப்பற்றிய பொருளைத் திரட்டி, விற்று, வந்த பணத்தைத் தளபதி முதல் சிப்பாய் வரை தரத்துக்கு ஏற்றபடி பங்கு போடுவார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தம்பி. கிடைக்கும் ஒவ்வொரு பொன்னிலும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் பங்கு இருந்தால், எவன் தேடாமல் விடுவான்? அப்படித் திரட்டியவற்றில் அரசரின் ஆபரணங்கள் 1820இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஏலக்காரர் அதற்கென்றே பட்டியல் அச்சிட்டார். உங்கள் மலையில் இருக்கிறது என்று பூசாரி சொல்லும் நகைகள், பட்டியலில் இலக்கம் போட்டு விற்கப்பட்டவை.

அதற்குப் பிறகும் ஏதாவது மண்ணில் தங்கியிருந்தால் அதைத் தோண்டியவர்கள் நம்முடைய ஆட்கள்தான். இந்தக் காரணத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை, தோட்டத்தில் வளர்ந்ததால் எனக்குத் தோன்றியது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி போட்டார். 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. 1869இல் தொடங்கிய இலைநோய் அதைத் தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை பிறகு மலையெல்லாம் ஏறியது. காட்டை எரித்து, சில அடிக்கு ஒரு குழி தோண்டிக் கோப்பி நட்டு, அதைப் பிடுங்கி எறிந்து, திரும்பவும் குழி தோண்டித் தேயிலை நட்டார்கள். அதன் பிறகும் ஓயவில்லை. கான் (வடிகால்) வெட்டு, முள்ளுக்குத்து (முள்ளுக்கருவியால் மண்ணைக் கிளறுவது) என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்த மண் புரண்டுகொண்டே இருக்கிறது. மலைச்சரிவில் மண்வெட்டி படாத இடம் எங்கே மிச்சம்? அத்தனை இலட்சம் குழியிலும் ராசாவின் பெட்டி ஒன்றாவது தட்டுப்பட்டிருந்தால், அந்தத் தோட்டத்தில் அது பரம்பரைக் கதையாகியிருக்கும்.

சின்னஞ்சிறு பொருள்கள் தட்டுப்பட்டது உண்டு. என் தாத்தா கான் வெட்டும்போது ஒரு செப்புக்காசு எடுத்தார். கறுத்துப்போய், ஓரம் தேய்ந்து, பெருவிரல் நக அளவில் இருக்கும். ஒரு பக்கத்தில் ‘வி’ எழுத்து, அதன் ஒரு காலில் ‘ஓ’, மறு காலில் ‘சி’. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. அந்தக் காசின் பெயர் டொய்ட். நாம் இன்றும் காசுக்குத் ‘துட்டு’ என்கிறோமே, அந்தச் சொல் அதிலிருந்து வந்ததுதான். பன்னிரண்டு வயதில் எனக்கு அது தெரியாது. பளபளக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்தேன். முத்திரையில் பாதி கரைந்து போயிற்று. இன்றும் அந்தக் காசைக் கையில் எடுத்தால் மனம் உறுத்துகிறது.

இனி, பெரிய பொருள்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அரியணையிலிருந்து தொடங்க வேண்டும். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கலாம். நான் எட்டுத் தடவை பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பொற்றகடு போர்த்திக் கல் பதித்தது. கை வைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள், கண்களில் செவ்வந்திக்கல். முதுகுச் சாய்வின் உச்சியில் ஒரு சூரியன். கண்டி அரசர்கள் தங்களைச் சூரிய குலம் என்று சொல்லிக்கொண்டதற்கு அடையாளம். ஒரு தடவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “ஐயா, இந்தச் சிங்கம் அழுதமாதிரி இருக்கிறதே” என்றாள். ஊதா நிறக் கல்லில் விளக்கு பட்டால் அப்படித்தான் தெரியும். அவள் சொன்ன பிறகு எனக்கும் வேறு மாதிரித் தெரிவதில்லை.

அந்த அரியணை கண்டியில் செய்தது இல்லை என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதி கண்டி அரசர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. அதில்தான் பின்னால் நாயக்க அரசர்களும் அமர்ந்தார்கள். 1815க்குப் பிறகு கப்பலேறி வின்ட்சர் கோட்டைக்குப் போனது. அங்கே இங்கிலாந்து அரச குடும்பத்தின் விழாக்களிலும் பயன்பட்டது. 1934 செப்டெம்பரில் கிளொஸ்டர் கோமகன் இலங்கைக்கு வந்தபோது அரியணையையும் மகுடத்தையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். போய் வர 119 ஆண்டுகள் ஆயின. அமர்வதற்கு அரசர்தான் இல்லை.

கொடியின் கதையை எங்கள் ஊர் ஆட்கள் அவ்வளவாக அறிய மாட்டார்கள். கண்டியில் கைப்பற்றிய சிங்கக்கொடி லண்டனில் செல்சி அரச மருத்துவமனையில் போர் வெற்றிச் சின்னமாகத் தொங்கிக் கிடந்தது. அங்கே இருந்த அதைக் கண்டுபிடித்து நாட்டுக்குச் சொன்னவர் ஈ. டபிள்யூ. பெரேரா. 1915இல், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தத்தின் நூறாவது ஆண்டில், அதன் படம் இலங்கைப் பத்திரிகையில் வந்தது. அதுவரைக்கும் அந்தக் கொடி எப்படி இருக்கும் என்றே மக்களுக்குத் தெரியாது. 1948இல் சுதந்திரத்தின்போது அந்தக் கொடி ஏறியது. அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். இதைச் சொல்லாமல் அந்தக் கொடியின் கதையை என்னால் சொல்லி முடிக்க முடிவதில்லை.

எனக்கு மிகவும் கனமாக இருப்பது கெப்பெட்டிபொலவின் கதை. ஆங்கிலேயரின் கீழ் திசாவையாக, அதாவது ஒரு மாகாணத்தின் தலைவராக, இருந்தவர். 1817இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கும்படி அனுப்பினார்கள். அவர் போய், கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலையை வெட்டினார்கள். வெட்டியதோடு விடவில்லை. மண்டையோட்டின் மேடு பள்ளத்தை வைத்து மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று அன்று ஐரோப்பாவில் ஒரு கொள்கை இருந்தது. ஹென்றி மார்ஷல் என்ற படை மருத்துவர் அந்த மண்டையோட்டை எடின்பரோவில் இருந்த அந்தக் கொள்கைக்காரர்களின் சங்கத்துக்கு அனுப்பினார். 1954இல்தான் அது திரும்பி வந்தது. புனித தந்தம் இருக்கும் தலதா மாளிகைக்கு எதிரே ஒரு தூணின் கீழ் அடக்கம் செய்திருக்கிறார்கள். கண்டிக்குப் போனால் சற்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒல்லாந்தர் 1765இல் கொள்ளையடித்தவற்றில் ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பெயர்பெற்றது லெவ்கே திசாவை அரசருக்குக் கொடுத்த சிறு பீரங்கி. வெண்கலத்தில் செய்து பொன்னும் வெள்ளியும் இழைத்து மாணிக்கம் பதித்தது. 258 ஆண்டுகள் கடல் கடந்து கிடந்தது, அதிலும் நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில். பொன் வாள், வெள்ளி வாள், கத்தி ஒன்று, பெரிய துப்பாக்கிகள் இரண்டு, இவை மற்றவை.

திரும்பாததும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே கிடைத்த தாரா தேவியின் சிலை. ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம், இலங்கையில் வார்த்த உலோகச் சிலைகளில் அதற்கு இணை சொல்வது கடினம். கண்டியைப் பிடித்த அதே பிரவுன்றிக் 1830இல் அதைப் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். இன்றும் லண்டனில்தான் நிற்கிறாள். அவளும் வரவேண்டும் என்பது என் ஆசை. அரியணையும் பீரங்கியும் வந்திருக்கும்போது அவளுக்கு மட்டும் ஏன் வழி இல்லாமல் போகவேண்டும்?

அரசரை 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வேலூர்க் கோட்டை. 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவரை அக்கரைக்குக் கொண்டுபோன சில ஆண்டுகளுக்குள் அக்கரையிலிருந்து நம் முன்னோர் இக்கரைக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குப் பெயர் எழுதிவைத்த கல் இல்லை.

இப்போது அப்பாயியின் தகர வில்லைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது காசு இல்லை. அதைத் ‘தகர டிக்கெட்’ என்று நினைக்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று சொல்லும். ஓட்டையில் கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதருக்குக் கடல் கடந்து வந்ததற்கு இருந்த சாட்சி அந்த வில்லைதான்.

அதன் மதிப்பு அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து, எத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தாய், நிரூபி என்று கேட்டபோது, பெரும்பாலான குடும்பங்களிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. ஆள் கூட்டிவந்த கங்காணியின் கணக்கு கங்காணியோடு போயிற்று. கடன்பட்ட ஆளை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்ற உதவிய ‘துண்டு’ 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, நல்லதாயிற்று. ஆனால் அந்தத் துண்டுகளில் இருந்த பெயர்களும் குப்பைக்குப் போயின. ஆள் வரவு குறித்த பெரட்டுப் புத்தகங்களைக் கறையான் தின்றது, தோட்டம் கைமாறியபோது எரித்தார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நாடற்றிருந்த 9,75,000 பேரை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. ராசாவின் ஆபரணங்களுக்கு ஏலக்காரர் இலக்கம் போட்டுப் பட்டியல் அச்சிட்டார் என்று மேலே எழுதினேன். இந்த மனிதர்களுக்கு அப்படி ஒரு பட்டியலைத் தேடித்தான் நான் ஓய்வு பெற்ற பிறகும் அலைகிறேன்.

ஆகவே, தம்பி, அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். எண்ணெயும் வேண்டாம். ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றி ஒரு கடதாசி உறையில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. பிறகு அப்பாயியின் பக்கத்தில் உட்காருங்கள். அது யாருடைய கழுத்தில் கிடந்தது, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார், கூட வந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். ஒரே நாளில் முடியாது, தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள். முடிந்தால் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 2007இல் ஒரு பழைய லயத்தையே நூதனசாலையாக்கித் திறந்தார்கள். கூட்டாளிகள் மூன்று பேரையும் கையோடு அழைத்துப் போங்கள். பூசாரிக்கு வைத்திருக்கும் பணத்தில் பஸ் செலவு போக மிச்சம் நிறைய இருக்கும்.

அந்த வில்லையில் என்ன எழுத்து, என்ன எண் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எனக்கு எழுதுங்கள். எந்தத் தோட்டம் என்று தேடிப் பார்க்கிறேன்.